சகலமானவர்களுக்கும்

போன மாசம் எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்புல ஒரு சண்டை. தண்ணி டேங்க் கழுவப் போறோம், காலையில தண்ணி வராதுன்னு செகரட்டரி மெசேஜ் போட்டிருக்காரு, எப்ப, ராத்திரி பதினொன்னேகாலுக்கு. காலையில ஆறு மணிக்கு தண்ணி நின்னு போச்சு. மூஞ்சி பூரா சோப்போட ஒரு மனுஷன் கதவைத் திறந்துக்கிட்டு வந்து காரிடார்ல நின்னு கத்துறாரு, இவரு கொஞ்சமும் அசரல, "குரூப்புல போட்டாச்சே சார்"ங்கறாரு. பக்கத்து வீட்ல ஒரு பாட்டிம்மா தனியா இருக்காங்க, பட்டன் போன்தான் வச்சிருக்காங்க, அவங்களுக்கு யாரு சொன்னதுன்னு நான் கேட்டேன். அதுக்கும் அதே பதில்தான். குரூப்புல போட்டாச்சே.

எனக்கு டக்குனு எங்க ஊரு பிரசிடெண்ட் ஞாபகம் வந்துருச்சு. அவரும் அச்சு அசலா இதையேதான் சொல்லுவாரு, "தண்டோரா போட்டாச்சேப்பா"ன்னு.

எங்க ஊரு மானாமதுரை பக்கம், வைகைக் கரையோரம். நான் சின்னப் பையனா இருந்தப்ப ஊர்ல எது நடக்கணும்னாலும் மொதல்ல தண்டோரா போடணும். கண்மாய்ல மீன் அழிக்கப் போறாங்கன்னா தண்டோரா, மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து கோமாரி ஊசி போடப் போறாருன்னா தண்டோரா, வீட்டு வரி கட்டாதவன் இந்தத் தேதிக்குள்ள கட்டணும்னா தண்டோரா, ஆடு மாடு காணாமப் போனாக்கூட பைசா கொடுத்துத் தண்டோரா போடச் சொல்ற வீடுக இருந்துச்சு. அதைப் போடறதுக்குன்னு ஒருத்தரு இருந்தாரு. அப்ப நாங்க எல்லாரும் "அவன்"னுதான் சொன்னோம், ஆறு வயசு பயலுக கூட பேரு சொல்லித்தான் கூப்புடுவோம், அவரு எங்களை "சின்னய்யா"ம்பாரு. இப்ப டைப் பண்ணும்போது "அவரு"ன்னு தானா வருது, இது வர்றதுக்கு எனக்கு ஒரு முப்பது வருஷம் ஆயிருக்கு.

கறுத்து ஒல்லியா இருப்பாரு. தோள்ல ஒரு துண்டு, எங்க தெருவுக்குள்ள நுழையும்போது அது இடுப்புக்கு இறங்கிரும், செருப்பை பிள்ளையார் கோயில் முக்குல கழட்டி விட்டுட்டு வருவாரு. இடது தோள்ல வாரு போட்டுத் தொங்கற தப்பு, அதான் பறை, ஒரு கையில சிண்டுக்குச்சி, மெலிசா நீளமா மூங்கில் சிலாம்பு மாதிரி, இன்னொரு கையில அடிக்குச்சி, குட்டையா தடியா. டண்டணக்கா எல்லாம் கிடையாது, தண்டோராவுக்குன்னு ஒரு அடி இருக்கு, மூணு தட்டு, ஒரு இடைவெளி, மூணு தட்டு. அந்த அடி கேட்டதும் உலையில அரிசி போட்டுக்கிட்டு இருந்த பொம்பளைங்க அப்படியே கரண்டியோட வாசலுக்கு வருவாங்க. அப்புறம் ஒரு இழுவை இழுப்பாரு. "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்ல்ல்..."

இந்த ஒரு வரி மட்டும் செந்தமிழு. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் எங்க ஊரு பாஷை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிரசிடெண்ட் வீட்டு வாசல்ல நின்னு சொல்றதைக் கேட்டு அப்படியே மனசுல ஏத்திக்கிட்டு வந்து ஏழு இடத்துல ஒப்பிப்பாரு. மந்தை, பிள்ளையார் கோயில் முக்கு, டீக்கடை, மேலத்தெரு, கீழத்தெரு, சாவடி, கடைசியா அவங்க காலனி. ஒருதடவை நான் பந்து பொறுக்கப் போய் அவங்க காலனிக்குள்ள மாட்டிக்கிட்டேன், அப்பதான் அங்க அவரு தண்டோரா போடறதைக் கேட்டேன். தட்டு இல்ல, இழுவை இல்ல, சகலமானவரும் இல்ல. தப்பை திண்ணையில சாத்தி வச்சிட்டு "ஏத்தா, நாளைக்கு ரேசன்ல சீமெண்ணெ ஊத்துறானாம், வெள்ளனாப் போயிருங்க, நம்ம முறை வர்றப்ப தீந்துருச்சுன்னு சொல்லிருவான்"னாரு. மேலத்தெருவுல இந்தக் கடைசி வரி கிடையாது.

இதுக்கு எத்தனை பேருன்னு பாருங்க. தண்டோராங்கறது வடக்கேயிருந்து வந்த சொல்லு, இந்தியில டிண்டோரா, தெலுங்குல தண்டோரா. கோர்ட்டு கச்சேரியில தமுக்கு, டாம் டாம். நம்ம பழைய சொல்லு அறைதல், சாற்றுதல், விளம்புதல். சாற்றுதல் இன்னும் உயிரோட இருக்கு, அம்மன் கோயில் திருவிழாவுக்கு "சாட்டியாச்சு"ங்கறோமே, அது இந்த சாற்றுதல்தான், ஊரறியச் சொல்லியாச்சுன்னு அர்த்தம். சாட்டிட்டா அப்புறம் ராத்திரி ஊரை விட்டு வெளியூர்ல தங்கக்கூடாதும்பாங்க எங்க பக்கம். விளம்பின பொருள் விளம்பரம். இன்னைக்கு நாம சோப்பு விக்கறதுக்கு வச்சிருக்கற அந்த வார்த்தை மலையாளத்துல அரசாணைக்கு இருந்த பேரு. 1809-ல திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரா குண்டறையில விட்டது குண்டறை விளம்பரம், 1936 நவம்பர் 12-ல திருவிதாங்கூர் ராஜா எல்லா இந்துக்களும் கோயிலுக்குள்ள போகலாம்னு விட்டது க்ஷேத்ரப் பிரவேசன விளம்பரம்.

பறை இன்னும் சுவாரசியம். பறைன்னா தோல்கருவி, பறைன்னா சொல்றதும்தான். மலையாளத்துக்காரங்க இன்னைக்கும் "பறயு"ன்னா சொல்லுங்கறாங்க, யாழ்ப்பாணத்துல "பறையாதை"ன்னா பேசாதேன்னு அர்த்தம். தமிழ்நாட்டுல நமக்கு அந்த வினைச்சொல் பேச்சுல இல்லாமப் போய் கருவியும் சாதிப் பேரும் மட்டும் மிஞ்சிருச்சு, அந்தச் சாதிப் பேரு இங்கிலீஷ்ல போய் "பறையா"ன்னு ஒதுக்கப்பட்டவங்களுக்கான பொதுச்சொல்லாவே ஆயிருச்சு. பேசறதுக்கு இருந்த சொல்லு, யாரு கூடவும் பேசக்கூடாதவனுக்குப் பேராப் போனதை எந்த அகராதியில பாத்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

ஆனா ஒரு காலத்துல இந்த வேலைக்கு யானை கொடுத்திருக்காங்க. மணிமேகலையோட முதல் காதைக்குப் பேரே விழாவறை காதை, முழுக்க முழுக்க ஒரு தண்டோராதான். காவிரிப்பூம்பட்டினத்துல இந்திர விழா 28 நாள் நடக்கப் போகுது, அதைச் சொல்லணும். வச்சிரக் கோட்டத்துல இருக்கற முரசை எடுத்து யானைப் பிடரியில ஏத்துறாங்க, காளைத்தோல் போர்த்தின முரசு. அடிக்கிறவரை "முதுகுடிப் பிறந்தோன்"னு சொல்றாரு சாத்தனாரு, பழம்பெருங்குடியில பொறந்தவன். அவரு ஊரை வாழ்த்துறாரு, மழையை வாழ்த்துறாரு, ராசா கோல் கோணாம இருக்கணும்னு வாழ்த்துறாரு, அப்புறம்தான் விஷயத்துக்கே வர்றாரு. என்ன விஷயம்? வாழை கட்டுங்க, கமுகு கட்டுங்க, கரும்பு கட்டுங்க. "பழமணல் மாற்றுமின் புதுமணல் பரப்புமின்." எங்க ஊரு மாரியம்மன் திருவிழாவுக்கு பிரசிடெண்ட் சொல்லி விட்ட அதே சமாச்சாரம், வாசல்ல கெடக்கற மண்ணை அள்ளுங்கய்யா. சமயவாதிகளா, வாதம் பண்ணணுமா, பட்டிமண்டபத்துல முறையா ஏறிப் பேசுங்க. ஆகாதவனைப் பாத்தாலும் சண்டை சச்சரவு பண்ணாம ஒதுங்கிப் போங்க. போலீஸ் நோட்டீஸ் மாதிரியே இருக்கு இல்ல? கடைசியில பசி நோய் பகை நீங்கட்டும்னு சொல்லி முடிக்கிறாரு. ஒரு முனிசிபாலிட்டி அறிவிப்பை இவ்ளோ அழகா யாரும் எழுதிப் பாத்ததில்ல.

சிலப்பதிகாரத்துல கோவலன் கண்ணகி கல்யாணத்தை அறிவிக்கிறது பொம்பளைங்க. நகை போட்ட பெண்களை யானை மேல உக்கார வச்சு ஊருக்குச் சொல்லி அனுப்புறாங்க, ரெண்டு வீடும் அவ்ளோ பெரிய வணிகக் குடும்பம், பத்திரிகை அடிச்சு வீடு வீடா குடுத்தா மதிப்பா இருக்காது போல.

அதுலயே வஞ்சிக் காண்டத்துல வர்ற ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செங்குட்டுவன் வடக்க படையெடுத்துப் போகப் போறான், கண்ணகிக்கு இமயத்துல இருந்து கல்லு எடுக்கணும். வில்லவன் கோதைங்கற அமைச்சர், வடக்க இருக்கற ராஜாக்களுக்கு எல்லாம் வில், கயல், புலி முத்திரை வச்சு ஓலை அனுப்புவோம்ங்கறாரு. அழும்பில் வேள்னு இன்னொருத்தரு, எதுக்கு ஓலை, அவனவனோட ஒற்றன் எல்லாம் நம்ம வஞ்சி வாசல்லயேதான் கெடக்கறான், ஊருக்குள்ள பறையறைஞ்சா போதாதா, அவனுகளே கொண்டு போய் சேத்துருவானுகன்னு சொல்லிட்டாரு. இதைப் படிச்சிட்டு எனக்குச் சிரிப்பு தாங்கல. சொந்த ஊருக்குச் சொல்ற மாதிரி சொல்லி எதிரிக்குச் சேதி அனுப்புறது. இன்னைக்குக் கட்சிக்காரங்க பொதுக்கூட்டத்துல கூட்டணிக்காரனுக்கு சொல்ல வேண்டியதை மக்கள்கிட்ட சொல்றாங்களே, அந்த வித்தை.

வள்ளுவரு ரெண்டு இடத்துல "அறைபறை"யை இழுக்கிறாரு. கயமை அதிகாரத்துல, கேட்ட ரகசியத்தை எல்லாம் நாலு பேருகிட்ட கொண்டு போய்ச் சொல்றதால கயவன் அடிக்கற பறை மாதிரிங்கறாரு. அப்புறம் காமத்துப்பால்ல, எங்களை மாதிரி கண்ணே பறையா இருக்கறவங்க மனசுல இருக்கறதை ஊருக்காரங்க தெரிஞ்சுக்கறது ஒண்ணும் கஷ்டமில்லன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. ராஜாவோட ஆணையை யானை மேல இருந்து அறிவிக்கிற குடிக்கு வள்ளுவர்னு பேரு இருந்துச்சு, குறள் எழுதுனவரும் அந்தக் குடிதான்னு ஒரு மரபு இருக்கு. அது உண்மைன்னா மனுஷன் தன் சொந்தத் தொழிலையே ஒரு கை பாத்திருக்காரு.

யானைப் பிடரியில உக்காந்திருந்த வேலை எப்படி செருப்பைக் கழட்டி விட்டுட்டு நடக்கற வேலையா ஆச்சு? இதுக்கு ஒரே வரியில பதில் சொல்ற அளவுக்கு எனக்கு தெகிரியம் இல்ல. கண்ணுக்குத் தெரியறது என்னன்னா, அந்த முரசு ராஜாவோடது, அதைக் குளிப்பாட்டுவாங்க, பூ வைப்பாங்க, தூங்க அதுக்குத் தனிக் கட்டில் இருந்துச்சு, மோசிகீரனாரு களைப்புல அதுல படுத்துத் தூங்கிட்டதும் சேரமான் வெட்டாம விசிறி விட்டதும் புறநானூத்துல இருக்கு. மரியாதை முரசுக்கு. அதை அடிக்கிறவனுக்கு வந்தது அந்த முரசோட பங்குதான். ராஜா போயி முரசும் போன பிறகு கையில இருந்தது மாட்டுத்தோலு மட்டும், அதைத் தொட்டவன் தீட்டு.

மழைக்காலத்துல அந்தத் தோலு என்ன பாடு படுத்தும்னு பாத்திருக்கேன். வைகை அணை 71 அடி. 66 அடி வந்தா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-க்கு ரெண்டாவது, 69-க்கு மூணாவது, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டத்துக்கும் சொல்லி விடுவாங்க. எங்க ஊருக்கு தாலுகா ஆபீஸ்ல இருந்து வரும், ஆத்துக்குள்ள இறங்காதீங்க, ஆடு மாட்டை ஓட்டிட்டுப் போகாதீங்கன்னு. வருஷம் பூரா மணல் மட்டும் கெடக்கற ஆறு, பாதிப் பேரு நம்ப மாட்டான். அந்த நேரத்துலதான் தப்பு சத்தமா அடிக்கணும், ஆனா அந்த நேரத்துலதான் அது அடிக்காது. ஈரத்துல தோலு தொளதொளத்துப் போய் தொப்பு தொப்புன்னு ஈரச் சாக்கை அடிச்ச மாதிரி கேக்கும். வைக்கோலைக் கொளுத்தி அதுல காட்டிக் காட்டி விறைக்க வைக்கணும், மழையில காஞ்ச வைக்கோலுக்கு எங்க போறது? டீக்கடை அடுப்பு திகுதிகுன்னு எரியுது, ஆனா உள்ள வரக்கூடாது. ஒருதடவை டீக்கடைக்காரரு ரெண்டு கொள்ளியை எடுத்து வெளிய தூக்கிப் போட்டாரு, நம்ம தப்புக்காரரு கூரைத் தண்ணி ஒழுகாத ஒரு முழ இடத்துல குத்தவச்சு, முதுகு பூரா நனைஞ்சுகிட்டு, தப்பை மட்டும் நனையாம காட்டிக்கிட்டு இருந்தாரு. விரலால சுண்டிச் சுண்டிப் பாத்தாரு. சத்தம் ஏறினதும் எந்திரிச்சு ஓடுனாரு பாருங்க, ஆத்துப்பக்கம் இருக்கற தெரு வரைக்கும் போறதுக்குள்ள மறுபடி இறங்கிப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வச்சிக்கிட்டாரு மழைக்கு. டின்னு சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு, ஆனா ஐஸ்காரன்னு நெனச்சு பிள்ளைக காசு கேட்டு அழுவும்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன், இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

எங்க தாத்தா ஒரு கடன் வாங்கியிருந்தாரு, கிணறு வெட்ட. கிணத்துல தண்ணி வரல, கடன் மட்டும் ஊறிக்கிட்டே இருந்துச்சு. கேஸாகி, டிக்ரி ஆகி, நிலத்தை ஜப்தி பண்ண கோர்ட்டு அமீனா வந்தாரு. சிவில் நடைமுறைச் சட்டம் 1908, ஆர்டர் 21, ரூல் 54-னு ஒண்ணு இருக்கு, நான் பெரியவனான பிறகு ஒரு வக்கீல் ஃப்ரெண்டுகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அசையாச் சொத்தை ஜப்தி பண்ணுனா அந்த இடத்துலயோ பக்கத்துலயோ தமுக்கு அடிச்சு, இல்லாட்டி அந்த ஊரு வழக்கம் எதுவோ அது மாதிரி, சொல்லணும். ஆர்டர் காப்பியை சொத்துலயும் கோர்ட்லயும் ஒட்டணும், நிலவரி கட்டற நிலமா இருந்தா கலெக்டர் ஆபீஸ்லயும் ஒட்டணும். ஏலம் போடறதுக்கும் இதே முறைதான். ஒழுங்கா தமுக்கு அடிக்கலன்னு சொல்லி ஏலத்தையே ரத்து பண்ணுங்கன்னு கோர்ட்டுக்குப் போற ஆளுங்க உண்டு, வக்கீலுங்களுக்கு அது பழகின பாயிண்ட். சட்டத்தோட நோக்கம் நல்ல நோக்கம்தான், ரகசியமா ஏலம் விட்டு அடிமாட்டு விலைக்கு அமுக்கிறக்கூடாது, நாலு பேருக்குத் தெரியணும், நல்ல விலை வரணும். ஆனா அந்த நாலு பேருக்குத் தெரியணும்ங்கறதுதான் குடும்பத்துக்குத் தூக்குக் கயிறு.

நிலம் ஊரை ஒட்டி, எங்க வீட்டுக் கொல்லைக்கு அடுத்தாப்புல. அமீனா வீட்டு முன்னாலயே நின்னுட்டாரு, கூட அவரு, தப்போட. அமீனா தாளைப் பாத்துச் சொல்லச் சொல்ல அவரு திருப்பிச் சொல்லணும். எனக்கு அப்ப பத்து வயசு, கதவு இடுக்குல நின்னு பாக்குறேன். மூணு தட்டு தட்டுனாரு. மெதுவா. தோலு நல்ல வெயில்ல காஞ்சிருந்த நாளு அது, வேணும்னா ஊரே அதிரும். சகலமானவர்களுக்கும்ங்கறதை முழுங்கிட்டு தரையைப் பாத்துக்கிட்டே கடகடன்னு எதையோ சொன்னாரு, எனக்கே கேக்கல. அமீனா, "சத்தமா சொல்லுய்யா, நாலு தெருவுக்குக் கேக்கணும்"ன்னாரு. ரெண்டாவது தடவை கொஞ்சம் ஏத்தினாரு. அமீனா மறுபடி அதட்டுனாரு. மூணாவது தடவை முழுசா இழுவையோட வந்துச்சு, தாத்தா பேரு, அவங்க அப்பா பேரு, சர்வே நம்பர், ஏக்கர், செண்ட். எங்க தாத்தா பேரை அவரு வாயில நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மத்த நாள்ல "பெரியய்யா"தான்.

கரண்டியோட வாசலுக்கு வந்து நின்னவங்க எல்லாம் அன்னைக்கும் வந்து நின்னாங்க.

எல்லாம் முடிஞ்சு அமீனா கிளம்பிப் போயிட்டாரு. இவரு மட்டும் போகாம வாசப்படிக்குத் தள்ளி நின்னுக்கிட்டு இருந்தாரு. எங்க அப்பத்தா உள்ள இருந்து வந்துச்சு, கண்ணெல்லாம் வீங்கிப் போயிருந்துச்சு. "நீ என்னடா பண்ணுவ"ன்னு சொல்லிட்டு தண்ணி குடுத்துச்சு. கொல்லைப்பக்கம் எறவானத்துல சொருகி வச்சிருக்கற அலுமினிய லோட்டா இருக்கும், அவங்களுக்குன்னு. அன்னைக்கும் அதுலதான் ஊத்திக் குடுத்துச்சு, மேல படாம தூக்கி ஊத்துச்சு. நிலம் போன அன்னைக்கும் அந்த லோட்டா எடம் மாறல. அதை எங்க யாருக்கும் அன்னைக்கு ஒரு விஷயமாத் தோணவே இல்ல.

பிரசிடெண்ட் கதையைப் பாதியில விட்டுட்டேன். அந்த "தண்டோரா போட்டாச்சேப்பா"வுல ஒரு டெக்னிக் இருக்கு. கண்மாய் மீன் குத்தகை ஏலம்னா பகல் பதினொரு மணிக்குப் போடச் சொல்லுவாரு, சனம் பூரா நாத்து நட, களை எடுக்கப் போயிருக்கும், தெருவுல கெழடு கட்டையும் நாயும்தான் இருக்கும். கிராம சபைக் கூட்டம்னா "மேலத்தெருவுல மட்டும் போட்டுட்டு வந்துரு"ம்பாரு. அஜெண்டாவுல வில்லங்கமா ஏதாச்சும் இருந்துச்சுன்னா மந்தையில ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ் வர்ற நேரமாப் பாத்து. சாயங்காலம் யாராச்சும் கேட்டா இருக்கவே இருக்கு பதிலு. சட்டப்படி எல்லாம் சரி, சத்தம் போட்டாச்சு, கேக்காதது உன் தப்பு. எங்க செகரட்டரி ராத்திரி பதினொன்னேகாலுக்கு மெசேஜ் போட்டதுக்கும் இதுக்கும் ஒரு நூல் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்.

இதை நெனைக்கும்போது எனக்கு அசோகர் ஞாபகம் வரும். பாறைக் கல்வெட்டுல நாலாவதுல பேரி கோஷம் இப்ப தர்ம கோஷமா ஆயிருச்சுங்கறாரு, போர் முரசு போய் அறமுரசு. அது பெரிய பேச்சு, ராஜாங்க பேசற பேச்சு. ஆனா கலிங்கத்துல தௌலி, ஜௌகடா பாறைங்கள்ல வெட்டி வச்சதுல ஒரு சின்ன உத்தரவு இருக்கு, இதைத் திஷ்ய நட்சத்திரத்தன்னைக்கு, அதான் நம்ம பூசம், படிச்சுக் காட்டணும், நடுவுலயும் படிக்கலாம், கேக்கறதுக்கு ஒரே ஒரு ஆள் இருந்தாலும் படிக்கணும்னு. கல்லுல வெட்டியாச்சே, போயிப் படிச்சுக்கங்கன்னு அந்தாளு விடல.

1980-ல எம்.ஜி.ஆர் ஆட்சியில கர்ணம், மணியம்ங்கற பரம்பரைப் பதவி எல்லாம் ஒழிச்சாங்க, வி.ஏ.ஓ வந்தாரு, எங்க ஊரு தலையாரி பின்னாடி கிராம உதவியாளர் ஆயிட்டாரு. தப்பு தூக்குனவரு எந்த லிஸ்ட்லயும் வரல. முன்னாடி களத்துமேட்டுல மரக்கால் நெல்லு, அப்புறம் தண்டோராவுக்கு இவ்ளோன்னு பஞ்சாயத்துல சில்லறை, அவ்ளோதான். பரம்பரைங்கறது அவரு விஷயத்துல மட்டும் ஒழியவே இல்ல.

அவரு மகன் தப்பைத் தொட மாட்டேன்னுட்டாரு. திருப்பூருக்குப் போயிட்டாரு பனியன் கம்பெனிக்கு. ஊர்ல அதுக்கு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு, "காலங்காலமா நடக்கற வழக்கம்"னு குதிச்சவங்கள்ல எங்க சித்தப்பாவும் ஒருத்தரு. ஆந்திராவுல 1994-ல மந்த கிருஷ்ண மாதிகா உள்ஒதுக்கீடு கேட்டு ஆரம்பிச்ச இயக்கத்துக்கு சனங்க வச்ச பேரே தண்டோரா, மாதிகா தண்டோரா. மாதிகாங்கறது அங்க தப்பு அடிச்ச சாதி. யாரோ சொல்லிக் கொடுத்ததை அடிச்சுக்கிட்டு இருந்த சனம் அதே தப்பை எடுத்துத் தன் சேதியைச் சொன்னது அங்க. 2024 ஆகஸ்ட் 1-ல சுப்ரீம் கோர்ட் உள்ஒதுக்கீடு குடுக்கலாம்னு தீர்ப்பு சொல்லிருச்சு, முப்பது வருஷத் தண்டோரா. 2025-ல மந்த கிருஷ்ணாவுக்கும் பத்மஸ்ரீ, நம்ம மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் அதே வருஷம் பத்மஸ்ரீ. ஒண்ணு கருவிக்குக் கெடச்ச மாதிரி, ஒண்ணு சேதிக்குக் கெடச்ச மாதிரி.

நம்ம ஊர்ல 2022 ஆகஸ்ட்ல அப்ப தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு எல்லா கலெக்டருக்கும் லெட்டர் எழுதுனாரு, இனிமே தண்டோரா போடக்கூடாது, வண்டியில ஒலிபெருக்கி கட்டி மூலை முடுக்கெல்லாம் சொல்லுங்கன்னு. அன்னைக்கு ஃபேஸ்புக்ல பாரம்பரியம் அழியுதுன்னு ஒரே புலம்பல். புலம்புனவங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல தோள்ல வாரு போட்டுத் தெரு சுத்தின பரம்பரை எத்தனை பேருன்னு எண்ணிப் பாத்தா தெரிஞ்சிரும். எனக்கு நிம்மதிதான். எங்க ஊரு தப்புக்காரரு அந்த லெட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப் போயிட்டாரு. ஆர்டர் 21 மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு, தமுக்கு அடிச்சு, இல்லாட்டி ஊரு வழக்கம்.

2023-ல ஒரு நாள் எல்லார் போன்லயும் ஒரே நேரத்துல அலறுச்சே, அவசர எச்சரிக்கை சோதனைன்னு, ஞாபகம் இருக்கா? எங்கம்மா போனைத் தூக்கி எறியாத குறை. அப்புறம் என்கிட்ட கேட்டுச்சு, "ஏண்டா, இதை முன்னாடியே தண்டோரா போட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பஞ்சாயத்துல இருந்து வரி அறிவிப்பு, ஒரு லோடு ஆட்டோ, மேல ஸ்பீக்கரு. ஓட்டுறது அவரு பேரன். செருப்பு போட்டு, கூலிங்கிளாஸ் எல்லாம் போட்டு, நல்ல ஸ்டைலா இருக்கான், பஞ்சாயத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கறது சொந்த வண்டி. ரெக்கார்ட் பண்ணின பொம்பளைக் குரலு, "பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு". அதுக்கு முன்னாடி மூணு தட்டு, ஒரு இடைவெளி, மூணு தட்டு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. என்னப்பா இதுன்னேன்.

"யூட்யூப்ல எடுத்து ஒட்டுனதுண்ணே. வெறும் பேச்சைப் போட்டா ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டேங்கறான்."

ரெண்டு பேரும் டீக்கடையில டீ சாப்பிட்டோம், உள்ள பெஞ்சுல உக்காந்து, ஒரே மாதிரி பேப்பர் கப்பு. நேத்தே உங்க பக்கம் சத்தம் கேட்டுச்சே, எங்க தெருவுக்கு மட்டும் ஏன் இன்னும் வரலன்னு கேட்டேன்.

"எங்க தெருவுல ஆரம்பிச்சு அப்படியே கீழத்தெரு சுத்தி வருவேண்ணே. நேத்து அதுக்குள்ள டீசல் தீந்துருச்சு." கப்பைக் கசக்கி டப்பாவுல போட்டுட்டு வண்டியில ஏறுனான். "உங்க தெருவுல எல்லாரும் குரூப்புல பாத்துருப்பீங்கள்ல?"

வண்டி எதிர்ப்பக்கமா திரும்பிப் போச்சு.